வயர் ஹெட்போனா, ப்ளூடூத்தா? வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பெரம்பூரில் ஹெட்போன், ஸ்பீக்கர், மைக் சர்வீஸ் பார்க்கிறேன். அக்கம்பக்கத்துப் பசங்க பாட்டுப் பதிவு செய்யும்போதும் கூட இருந்து உதவுவேன். "எது நல்லது?" என்று மட்டும் கேட்டவர்களிடம் "என்ன வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அதைச் சொன்னவர்களுக்கான பதில்கள் இவை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, வீட்டுலயே கானா ரெக்கார்ட் பண்றோம். பட்ஸ்ல ட்ராக் கேட்டுக்கிட்டே பாடினா, அப்புறம் போட்டுப் பார்க்கும்போது குரல் தாளத்துக்குப் பின்னாடி வருது. பாடறவன் தப்பா, பட்ஸ் தப்பா?

பாடுகிறவர் மேல் தப்பில்லை தம்பி. ப்ளூடூத்தில் பாட்டு நேராகக் காதுக்கு வருவதில்லை. போன் அதைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்புகிறது. பட்ஸ் அவற்றை வாங்கிக் கொஞ்சம் சேர்த்து வைத்து, விரித்து, அதன் பிறகுதான் ஒலியாக்குகிறது. எஸ்.பி.சி. என்ற சாதாரணச் சுருக்கும் முறையில் இதற்கு 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருப்பதே 500 மில்லிசெகண்ட்தான். அதில் 200 போனால் கிட்டத்தட்ட பாதித் தட்டு போச்சு. அவர் காதில் விழுந்த தாளத்துக்குச் சரியாகத்தான் பாடியிருக்கிறார். தாளமே அவருக்குத் தாமதமாக வந்திருக்கிறது.

யூடியூபில் இது தெரியாது. அங்கே தாமதத்தைக் கணக்குப் போட்டுப் படத்தையும் அதே அளவுக்குப் பிடித்து வைக்கிறார்கள். நீங்கள் பாடும் குரலை அப்படிப் பிடித்து வைக்க முடியாதே. பட்ஸில் தாமதத்தைக் குறைக்கவென்றே இருக்கும் 'கேம் மோட்' போட்டால் தாமதம் குறையும், ஆனால் போகாது.

அதனால் பதிவுக்கு வயர்தான். காதை முழுக்க மூடுகிற, பின்பக்கம் அடைத்த ஹெட்போனாக வாங்குங்கள். பின்பக்கம் திறந்த வகையில் ட்ராக் சத்தம் கசிந்து மைக்கில் ஏறிவிடும், மிக்ஸிங்கில் அதைப் பிரித்து எடுக்கப் படாத பாடு படுவீர்கள். ஹெட்போனின் மின்தடை 32 ஓம் அளவு போதும். பெரிய ஸ்டுடியோவில் பார்த்தேன் என்று 250 ஓம் ஹெட்போன் வாங்கி போனில் செருகினால் சத்தம் பத்தாது. அப்புறம் காசு சேர்ந்ததும், மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள், 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருக்கிறதா என்று பார்த்து. அதில் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் சுற்றி வராமல் நேராகக் காதுக்கு வரும். கானாவுக்கு உயிரே தாளத்தில் குரல் உட்காரும் இடம்தான். அதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஓர் அக்கா: தினமும் மெட்ரோவில் கிண்டி போகிறேன். கூட்டத்தில் வயர் யார் பையிலாவது மாட்டிக்கொள்கிறது. நாய்ஸ் கேன்சலேஷன் உள்ளது வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள் அக்கா, உங்களுக்கு ப்ளூடூத்தான் சரி. நாய்ஸ் கேன்சலேஷன் என்பது வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடக்குவது. ஏ.சி. இரைச்சல், ரயில் ஓடும் உறுமல் என்று ஒரே சீராக வரும் கனத்த சத்தங்கள் நன்றாக அடங்கும். பக்கத்து சீட் பேச்சும் குழந்தை அழுகையும் அந்த அளவுக்கு அடங்காது. அவற்றைத் தடுப்பது காதில் பொருந்தும் ரப்பர் முனைதான். பெட்டியில் வரும் எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் சேரும் என்றில்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கழற்றிவிடுங்கள். நம்ம பக்கத்துச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் எப்படி ஓடுகின்றன என்று உங்களுக்கே தெரியும். அந்த இன்ஜின் உறுமல்தான் நாய்ஸ் கேன்சலேஷன் முதலில் அழிக்கிற சத்தம்.

கொளத்தூரிலிருந்து: ஆன்லைன் இன்டர்வியூவில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். விலை உயர்ந்த பட்ஸ்தான், ஏன் இப்படி?

பாட்டு கேட்கும்போது ஒலி பட்ஸை நோக்கி ஒரே திசையில் மட்டும் போகிறது, தரம் நன்றாக இருக்கும். மைக்கைத் திறந்த நொடியில் பழைய ப்ளூடூத் முறை போன் பேச்சுக்கான வழிக்கு மாறிவிடும். அதில் குரல் வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக மட்டுமே எடுக்கப்படுகிறது. சி.டி. தரம் 44,100. உங்களுக்குக் கேட்கும் ஒலியும் அப்போது மட்டமாகிவிடும். 'எல்.இ. ஆடியோ' என்ற புது ப்ளூடூத் முறை இதைச் சரி செய்கிறது, ஆனால் லேப்டாப், பட்ஸ் இரண்டிலும் அது இருக்க வேண்டும். இப்போதைக்குச் செட்டிங்ஸில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையும், ஸ்பீக்கராக பட்ஸையும் தேர்ந்தெடுங்கள். இன்டர்வியூ அன்றைக்கு மட்டுமாவது வயர் போட்டுக்கொண்டால் பாதியில் சார்ஜ் தீருமோ என்ற பயமும் இல்லை.

காசிமேட்டிலிருந்து: மீன் மார்க்கெட் வேலை அண்ணே. எந்த பட்ஸ் வாங்கினாலும் ஒரு பக்கம் சீக்கிரம் செத்துப்போகுது.

உப்புக் காற்றும் வியர்வையும்தான் காரணம். பட்ஸின் அடியில் சார்ஜ் ஏறும் சின்னப் புள்ளிகள் பச்சை பூத்துவிடுகின்றன, அந்தப் பக்கம் சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுகிறது. ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருந்தால் நல்ல தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்றுதான் அர்த்தம். உப்புத் தண்ணீருக்கு அது உறுதி தராது. ஈரத்தோடு கேஸில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், வாரம் ஒருமுறை காது குடையும் பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் புள்ளிகளைத் துடையுங்கள். உங்கள் வேலைக்குக் கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இன்னும் மேல், கீழே விழுந்து ஐஸில் தொலையாது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: எட்டாவது படிக்கிற பையன் எந்நேரமும் ப்ளூடூத் மாட்டியிருக்கிறான். கதிர்வீச்சு மூளையைப் பாதிக்குமா?

அந்தப் பயம் வேண்டாம்மா. இயர்போன்கள் பெரும்பாலும் சில மில்லிவாட் சக்தியில்தான் வேலை செய்கின்றன. போனையே காதில் வைத்துப் பேசும்போது அது பல மடங்கு அதிகம்.

கவலைப்பட வேண்டியது வால்யூமைப் பற்றி. வயர் ஆனாலும் ப்ளூடூத் ஆனாலும் ஆபத்து ஒன்றுதான். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம், 90 டெசிபெல்லில் 4 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை சொல்கிறது. பத்தே டெசிபெல் கூடினதும் நேரம் எப்படிச் சுருங்குகிறது பாருங்கள்! பிள்ளைகளுக்கு எல்லை இன்னும் குறைவு. காது நரம்பு செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. போன் செட்டிங்ஸில் அதிகபட்ச வால்யூமுக்குப் பூட்டுப் போடலாம், இன்றைக்கே போட்டுவிடுங்கள். காதில் மணி ஒலிக்கிற மாதிரி இருக்கிறது என்று பையன் சொன்னால் காது டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்: போனில் ரேடியோ கேட்க வயர் ஏன் கட்டாயம்?

எஃப்.எம். அலையைப் பிடிக்க நீளமான ஆன்டெனா வேண்டும் ஐயா. போன் அந்த இயர்போன் வயரையே ஆன்டெனாவாகப் பயன்படுத்துகிறது. ப்ளூடூத்தில் அந்த வயர் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம்ம பக்கம் கரன்ட் இல்லாமல், நெட் இல்லாமல் கிடந்தோமே. அந்த மாதிரி நாளில் எஃப்.எம். உள்ள போனும் ஒரு சாதாரண வயர் இயர்போனும் இருந்தால் 101.4-ல் சென்னை வானொலியைக் கேட்கலாம். வீட்டுக்கு ஒரு வயர் இயர்போன் கட்டாயம் இருக்கட்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எருக்கஞ்சேரியிலிருந்து: ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எது?

வயர். அந்த விலையில் ப்ளூடூத் என்றால் பேட்டரி, சிப், கேஸ் என்று பணம் பிரிந்து, ஒலிக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். தவிர, பட்ஸுக்குள் இருக்கும் குட்டி லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜிலேயே தளர ஆரம்பிக்கும். பெரும்பாலான மாடல்களை ஒட்டி மூடிவிடுவதால் உடைக்காமல் பேட்டரி மாற்ற முடியாது. நல்ல ஸ்பீக்கர் உள்ளே இருக்க, பேட்டரிக்காக முழு பட்ஸையும் குப்பையில் போட வேண்டியிருப்பது எனக்கு மனசே ஆறாத விஷயம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: வயர் ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லை. தூக்கிப் போடவா?

வேண்டாம் தம்பி. போனில் செருகும் பின்னை ஒட்டி வயர் வளையும் இடத்தில்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். அங்கே அசைத்தால் சத்தம் வந்து வந்து போகும், அதுதான் அடையாளம். அதற்கு ஓர் அங்குலம் மேலே வெட்டிப் புதுப் பின் சால்டர் செய்தால் போதும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளின் மேல் வர்ணப்பூச்சு இருக்கும், அதைச் சூடு காட்டி எரித்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. மைக் இருந்தால் இன்னொரு கம்பியும் இருக்கும். முதலில் மல்டிமீட்டர் வைத்து எந்தக் கம்பி எது என்று பார்த்துவிடுங்கள். சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் ட்யூபை சால்டர் செய்வதற்கு முன்பே வயரில் கோத்துவைக்க மறக்காதீர்கள்.