கல்நார்ப் புற்றுநோய்: “இன்னும் எவ்வளவு நாள், டாக்டர்?”

கேள்வி: அப்பா 1978 முதல் கப்பல் பட்டறையில் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறை சுற்றியவர். நெஞ்சில் நீர் கோத்தது. பயாப்சியில் (சதைப் பரிசோதனையில்) மீசோதீலியோமா, நுரையீரல், வயிறு போன்றவற்றின் உறையில் வரும் புற்றுநோய். 12 மாதம் என்று படித்தேன். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. அது நடுப்புள்ளி. நூறு நோயாளிகளை ஆயுள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு. பாதிப்பேர் அதைத் தாண்டுவார்கள், சிலர் வருடக்கணக்கில். விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-ல் வயிற்று உறையில் இதே நோய். அன்றைய நடுப்புள்ளி 8 மாதம். அவர் 20 வருடம் இருந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. நுரையீரல் உறையில் வந்தால் ஐந்து வருடம் தாண்டுபவர் பத்தில் ஒருவர் அளவுதான். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

பயாப்சி அறிக்கையில் செல்வகையைப் பாருங்கள். ‘எபிதீலியாய்டு’ என்றால் பொதுவாக மெதுவாகப் போகும். ‘சார்கமட்டாய்டு’ வேகம். கலப்பு வகை இடைப்பட்டது. சார்கமட்டாய்டு, கலப்பு வகைகளுக்குக் கீமோவில் நடுப்புள்ளி சுமார் 9 மாதம். 2021-ல் வெளியான ஆய்வில் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளை (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுபவை) சேர்த்துக் கொடுத்தபோது 18 மாதமானது. 12 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?

பதில்: நெஞ்சில் என்றால் அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் நடந்த மார்ஸ் 2 ஆய்வில், கீமோவோடு ஆபரேஷனும் செய்துகொண்டவர்களைவிடக் கீமோ மட்டும் பெற்றவர்களே அதிக நாள் இருந்தார்கள். வயிற்று உறை வேறு கதை. கட்டிகளை அகற்றிச் சூடான கீமோ மருந்தை உள்ளே ஓடவிடும் முறையில், தகுதியானவர்களிடம் நடுப்புள்ளி 4 வருடத்தைத் தாண்டியிருக்கிறது.

கேள்வி: வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எனக்கும் வருமா?

பதில்: உடையாத ஷீட்டின் கீழே இருப்பதில் ஆபத்து மிகக் குறைவு. அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள்.

கேள்வி: இங்கே விற்பது வெள்ளைக் கல்நார், அது தீங்கில்லை என்று ஷீட் கடைக்காரர் சொல்கிறாரே?

பதில்: தவறு. நீலமும் பழுப்பும் இதைவிடக் கொடியவை, உண்மைதான். அதனால் வெள்ளை சுத்தமாகிவிடாது. கல்நாரின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தூசி உள்ளே போய் நோய் வர 20 முதல் 50 வருடம் ஆகும். கடைக்காரர் இன்று இருமாமல் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் கூரையும் ஷீட்தான்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். அறுக்காதீர்கள்.

கேள்வி: சிகரெட்டை விட்டால் பலன் உண்டா?

பதில்: மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் கல்நார்த் தூசியோடு சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. இன்றே விடுங்கள்.

கேள்வி: அம்மாவால் படுக்கவே முடியவில்லை. மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறார்.

பதில்: நீர் திரும்பக் கோத்திருக்கலாம். நாளைக்கே காட்டுங்கள். நீரை எடுத்த மறுநாள் காலை தானே இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அடிக்கடி கோத்தால் வீட்டிலேயே வடிக்க மெல்லிய குழாய் வைக்கலாம். வலி நிவாரணப் பிரிவுக்கு இப்போதே போங்கள், கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான், டாக்டர். அறிக்கையில் எபிதீலியாய்டு என்று இருக்கிறது.

பதில்: நல்லது. அப்பா துணையில்லாமல் எத்தனை படி ஏறுகிறார், பகலில் எவ்வளவு நேரம் படுக்கையில் இருக்கிறார்? எழுதுங்கள். சிகிச்சையைத் தாங்குவாரா என்பதை அதை வைத்துத்தான் பேச முடியும்.