ஏலம் மாறியது, எடை காணோம்!

கேள்வி: குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மலையாளத்தில் ஏலக்காய்க்கு 'ஏலம்' என்றே பெயர். எங்கள் வரவுப் பட்டியலிலும் அப்படியே பதிந்திருக்கிறது. அதை 'ஏலக்காய்' என்று மாற்ற சி மொழியில் புரோகிராம் எழுதினேன். தேடும் கட்டளையான எஸ்டிஆர்எஸ்டிஆர் (strstr) வார்த்தையைக் கண்டுபிடிக்கிறது. அதே இடத்தில் புது வார்த்தையை நகலெடுத்து வைக்க எஸ்டிஆர்சிபிஒய் (strcpy) போட்டால், 'ஏலம் 40 கிலோ' என்ற வரியில் 'ஏலக்காய்' மட்டும் மிஞ்சுகிறது. எடை எங்கே?
- வாசகர், குமுளி

பதில்: எடையை அழித்தது நீங்கள்தான். கண்ணுக்கு 'ஏலம்' மூன்றெழுத்து. எழுத்துகளைக் கம்ப்யூட்டர் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஏ, ல, ம, புள்ளி என நாலு குறியீடு. தலைக்கு 3 பைட், மொத்தம் 12. 'ஏலக்காய்' 24. கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஏறும் ஜீப்பில் ஒருத்தர் இறங்கிய இடத்தில் இரண்டு பேரைத் திணித்த மாதிரி, பக்கத்திலிருந்த '40 கி' நசுங்கிவிட்டது. போதாததற்கு எஸ்டிஆர்சிபிஒய் கடைசியில் ஒரு பூஜ்ய பைட் வைக்கும். சி-க்கு வரி அங்கேயே முடிந்தது. அந்தப் பூஜ்யம் விழுந்தது 'கிலோ'வில் உள்ள 'ல'வின் மூன்றாவது பைட்டில். அதற்குப் பின்னால் ஓகாரக் குறி மட்டும் அனாதையாக மெமரியில் கிடக்கும். பிரின்ட் செய்தால் வராது.

அதே வரியில் ஒட்டுப்போடாமல் இன்னொரு அரேயில் (மெமரியில் தனியாக ஒதுக்கிய இடத்தில்) எழுதுங்கள். எத்தனை தடவை வருகிறது என்று முதலில் எண்ணி, தடவைக்கு 12 பைட் கூட்டி, முடிவுக்கு 1 சேர்த்து இடம் ஒதுக்குங்கள். உங்கள் வரி 28 பைட், 41 வேண்டும். வார்த்தைக்கு முன்னால் உள்ளதை மெம்காப்பி (memcpy) கட்டளையில் நகலெடுத்து, புதியதைப் போட்டு, பழைய வார்த்தை முடிந்த இடத்திலிருந்து தேடலைத் தொடருங்கள். மாற்றிய வரியையே மறுபடி முதலிலிருந்து தேடினால் ஆபத்து. 'ஏலம்' என்பதை 'பச்சை ஏலம்' ஆக்கப் போய், புரோகிராம் நிற்காமல் ஓட, நான் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டேன்.

நாளைக்கு 'கடை'யை 'ஸ்டோர்' ஆக்கினால் 'கடைசி'யும் 'ஸ்டோர்சி' ஆகும். முன்னும் பின்னும் உள்ள பைட்டைப் பாருங்கள்: 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தமிழ் எழுத்தின் பைட், வார்த்தை இன்னும் முடியவில்லை. மைனஸ் எண்ணாகத் தெரியாமலிருக்க, அன்சைன்டு கேராக (unsigned char) எடுத்துப் பாருங்கள். எழுத்தா என்று சோதிக்கும் ஐஸ்ஆல்ஃபா (isalpha) தமிழுக்கு உதவாது.

ஒரு சிக்கல் சி-யால் தீராது. போடி வியாபாரி 'ஏலம் 12ஆம் தேதி' என்று எழுதியிருந்தால் அது ஏலம் விடும் நாள். அதனால் ஒவ்வொரு வரியையும் காட்டி, மாற்றலாமா என்று கேட்கச் செய்யுங்கள். யாராவது ஏலம் விடுவதை மலையாள வழக்கில் 'லேலம்' என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம். 'லே'யில் இருப்பது கொம்பு. 'ஏ'யின் குறியீடு வேறு, எஸ்டிஆர்எஸ்டிஆர் அதைத் தொடாது.