பம்பரில் கொப்புளம்

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. அதன் இரும்பு பம்பர்களுக்கு நாலு வருஷத்துக்கு முன் கருப்பு பவுடர் கோட்டிங் போட்டேன். இப்போது ஓரங்களில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. போல்ட் ஓட்டைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிகிறது. "லேசா தேய்ச்சிட்டு மேல கருப்பு அடிச்சுத் தாரேன் அண்ணாச்சி, புதுசு மாதிரி ஆயிரும்" என்கிறார் இங்குள்ள பெயின்டர். அடிக்கலாமா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: அடிக்கலாம், ஐப்பசி மழை வரை தாங்கும். பட்டறை போட்ட புதிதில் நானே ஒரு ஜீப் பம்பருக்கு அப்படி அடித்துக் கொடுத்தேன். மழை முடிந்ததும் வண்டி திரும்பி வந்தது. காசு வாங்காமல் மறுபடி முழுதாகச் செய்துகொடுத்தேன், வேறு வழி?

பவுடர் கோட்டிங்கில் பொடியை மின்னேற்றித் தூவி, 200 டிகிரி சுமாருக்கு அடுப்பில் வைப்பார்கள். அது உருகி ஒரே தோலாகப் படியும். கல் பட்டு அந்தத் தோலில் ஊசிமுனை அளவு திறந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் அடியிலேயே துரு பரவும். மேலே பார்த்தால் பளபளப்பு அப்படியே இருக்கும். அதனால் கொப்புளத்தின் அளவை நம்பாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் கொப்புளத்திலிருந்து நல்ல பக்கம் நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். பிடிப்புள்ள இடத்தில் 'டிங்' என்று கேட்கும். விட்டுப்போன இடத்தில் 'டப்' என்று செத்த சத்தம் வரும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கொப்புளத்தைத் தாண்டி நாலு விரல்கடை வரை 'டப்' கேட்ட பம்பர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பட்டித் தகட்டை நுழைத்தால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும், அடியில் பழுப்புத் தூள்.

ஆகவே கழற்றி, முழுதாக உரிக்க வேண்டும். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்தான் சரி. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் கோட்டிங் சூடேறி இழுபட்டு அப்பிக்கொள்ளும். பிளாஸ்டிங் முடிந்ததும் கூரான ஓரங்களை அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். உருகும் பொடி கூர் ஓரத்தை விட்டு விலகி மெலிந்துவிடும், உங்கள் துரு தொடங்கியதே அங்கேதான். பிறகு அன்றைக்கே பிரைமர். தூத்துக்குடிக் காற்றில் ஒரு ராத்திரி வெறும் இரும்பாகக் கிடந்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

மறுபடி பவுடரா, பெயிண்டா? பவுடர் என்றால் அடியில் துத்தநாக பிரைமர், மேலே பாலியஸ்டர் பவுடர் என்று கேட்டு வாங்குங்கள். வெறும் எபாக்ஸி பவுடர் வெயிலில் வெளுத்துப்போகும். பள்ளத்துக்குச் சாதாரண பட்டி வைத்து அடுப்பில் ஏற்றவும் கூடாது, பொங்கிவிடும். என்னைக் கேட்டால் எபாக்ஸி பிரைமரும் மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டும்தான். கல் பட்டால் வீட்டிலேயே தொட்டு அடைத்துக்கொள்ளலாம். ஆனால் பி.யூ. ஹார்டனரின் புகை நுரையீரலுக்கு ஆகாது, துண்டைக் கட்டிக்கொண்டு நீங்களே அடிக்க இறங்காதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் பம்பரின் பின்பக்கம், பிராக்கெட் ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கோட்டிங் பேச்சே வேண்டாம். வெட்டிப் பற்றவைக்க வேண்டும், அல்லது புது பம்பர். மாட்டும்போது போல்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள், அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். அது வண்டியோடு வந்த பம்பர்தானே? வெளியில் வாங்கி வண்டி முகப்பில் மாட்டிய இரும்புத் தடுப்பு (bull bar) என்றால் அதற்கு ஒரு பைசா செலவழிக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கேள்வி: ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினால் துரு கருப்பாகி நின்றுவிடுகிறதே, அது மட்டும் போதாதா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: அது தொட்ட துருவைத்தான் மாற்றும், தோலுக்கு அடியில் போகாது. உரித்த பிறகு குழிகளில் மிஞ்சும் துருவுக்குத் தடவலாம். செதிலாக நிற்பதை முதலில் தட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் பிரைமர் டப்பாவைப் படித்துப் பாருங்கள். கன்வெர்ட்டரில் உள்ள அமிலம் பட்ட இரும்பில் சில எபாக்ஸி பிரைமர்கள் சரியாக ஒட்டாது.