பழைய ஜீப்பில் ஸ்டெப்னி தேவையா, அதை எங்கே பொருத்துவது?

ஸ்டெப்னி என்பது, பழுதான சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கென வண்டியிலேயே கொண்டுசெல்லும் முழுச் சக்கரம். ஊருக்குள் மட்டும் ஓடும் பழைய வில்லிஸ் ஜீப்புக்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம். ஆனால் கூரிய கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் பஞ்சர் ஒட்டு நிற்காது என்பதால், காட்டுப்பாதையில் செல்வோர் அதைக் கட்டாயம் சுமக்க வேண்டும் என்பேன்.

இரண்டாம் உலகப்போர்க் கால ராணுவ வண்டியான வில்லிஸ் எம்.பி. (MB) ஜீப்பின் பின்பக்கத் தகடு திறக்காது. ஸ்டெப்னியை அதிலேயே பொருத்தினார்கள். 1945இல் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ (CJ-2A) ஜீப்பில் பின்கதவு வைத்தபோது, சக்கரத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். அது சரியான முடிவு. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் அணைத்தால் நெடுந்தூரம் சுமக்கலாம், கையை நீட்டிப் பிடித்தால் தோள் தாங்காது. அதுபோலவே பின்கதவில் தொங்கும் சக்கரம் ஒவ்வொரு குலுக்கலிலும் கீல்களை இழுத்து, மெல்லிய தகட்டில் விரிசல் விழச் செய்யும். பின்னால்தான் வேண்டுமென்றால், கதவைச் சாராத உறுதியான தனித் தாங்கி அமையுங்கள்.

எந்த அளவு டயரும் ஸ்டெப்னியாக உதவும் என்று பலர் எண்ணுவது தவறு. விட்டம் வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிப் பல்சக்கரங்களைச் சேதப்படுத்தும்.