குரங்கின் மோட்டார் கார்டெக்ஸில் எத்தனை பகுதிகள்? ஏரியா 4, எஃப்1, எம்1: எந்தப் பெயரை எடுத்துக்கொள்வது?

உடலின் அசைவுகளை இயக்கும் மூளை மேற்பரப்புப் பகுதிதான் மோட்டார் கார்டெக்ஸ். அதில் ஒரு நூலில் ஏரியா 4, ஏரியா 6 என்று இரண்டே பகுதிகள், இன்னொன்றில் எஃப்1 முதல் எஃப்7 வரை ஏழு, ஆய்வுக் கட்டுரைகளிலோ எம்1 (முதன்மை மோட்டார் பகுதி), பிஎம்டி (மேற்பக்க ப்ரீமோட்டார் பகுதி), எஸ்எம்ஏ (துணை மோட்டார் பகுதி). இதில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நரம்பு உடற்கூறியல் படித்த காலத்தில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. மூன்றையும் ஒரே படத்தில் வரைந்துவிடலாம் என்று பல மாலைகள் உட்கார்ந்தேன். கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. அந்தக் கோடுகள் வெவ்வேறு முறைகளால் போடப்பட்டவை என்பது ரொம்பத் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. எந்தக் கோடு எந்த முறையில் வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் சாயம். கார்டெக்ஸை மெல்லிய சீவல்களாக வெட்டி, செல்களின் உடலைக் காட்டும் நிஸ்ல் சாயம் ஏற்றிப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். மோட்டார் பகுதியில், சிறுமணி போன்ற செல்கள் நிறைந்திருக்க வேண்டிய நான்காம் அடுக்கு கண்ணில் படுவதே அரிது. ஐந்தாம் அடுக்கிலோ, 1874-இல் விளாதிமிர் பெட்ஸ் விவரித்த மிகப் பெரிய பிரமிடு செல்கள் இருக்கும். 1909-இல் வெளிவந்த தன் நூலில் கோர்பினியன் பிராட்மன் பயன்படுத்திய அடையாளம் இதுதான்: பெட்ஸ் செல்கள் உள்ள இடம் ஏரியா 4, அதற்கு முன்னால் அவை இல்லாத இடம் ஏரியா 6. படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் அந்த எல்லையை நானே தேடியபோது கோடு எதுவும் கிடைக்கவில்லை. முன்னோக்கிப் போகப் போகப் பெரிய செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தன. இங்கேதான் முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏரியா 6 ஒரே பகுதி இல்லை என்ற சந்தேகம் நெடுநாளாகவே இருந்தது. 1985-இல் இத்தாலியின் பார்மா நகரில் மாட்டெல்லி, லுப்பினோ, ரிஸொலாட்டி மூவரும் மக்காக் குரங்கில் வேறொரு சாயத்தைப் பயன்படுத்தினார்கள். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி எங்கே, எந்த அடுக்கில் அதிகம் என்று காட்டும் சாயம் அது. முதலில் ஐந்து பகுதிகள் பிரிந்தன. 1991-இல் எஃப்6, எஃப்7 சேர்ந்தன. எஃப்1 என்பது ஏறக்குறைய ஏரியா 4, அதாவது எம்1. மற்ற ஆறும் பழைய ஏரியா 6-ஐப் பகுத்து வந்தவை. ஆறையும் மூன்று ஜோடிகளாக நினைவில் வையுங்கள். இரு அரைக்கோளங்களும் எதிரெதிரே பார்க்கும் உட்பக்கத்தில் எஃப்3, அதற்கு முன்னால் எஃப்6: இவை எஸ்எம்ஏ, ப்ரீ-எஸ்எம்ஏ. மேற்பக்கத்தில் எஃப்2, முன்னால் எஃப்7: இரண்டும் சேர்ந்தது பிஎம்டி. கீழ்ப்பக்கத்தில் எஃப்4, முன்னால் எஃப்5: இது பிஎம்வி, அதாவது கீழ்ப்பக்க ப்ரீமோட்டார் பகுதி.

சரி, சாயம் மாறினால் பகுதி மாறுமா, இதெல்லாம் வெறும் பெயர் விளையாட்டா என்று தோன்றலாம். இல்லை என்று நான் நம்புவதற்குக் காரணம் நரம்பு இணைப்புகள். எந்தப் பகுதி எங்கே நார்களை அனுப்புகிறது என்று தனியாகத் தேடியபோதும் இதே பிரிவுகள் தலைகாட்டின. ஜோடிகளில் பின்னால் இருக்கும் எஃப்2, எஃப்3 இரண்டும் தண்டுவடத்துக்கு நேரடியாக நார் அனுப்புகின்றன. முன்னால் இருக்கும் எஃப்6, எஃப்7 அநேகமாக அனுப்புவதில்லை. அவற்றின் முக்கியத் தொடர்பு நெற்றிக்குப் பின்னால் உள்ள ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸோடு.

இந்த இடத்தில் ஒரு பழைய எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். எம்1-க்கு முன்னால் உள்ள ப்ரீமோட்டார் பகுதிகள் திட்டம் போடும், எம்1 அதை வாங்கித் தண்டுவடத்துக்கு ஆணையிடும் என்று ஏணிப்படி போலத்தான் நானும் படித்தேன். 1991-இல் டம், ஸ்ட்ரிக் இருவரும் எண்ணிப் பார்த்தபோது, கையின் அசைவுக்காகத் தண்டுவடத்துக்கு நார் அனுப்பும் நியூரான்கள் எம்1-இல் இருக்கும் அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ ப்ரீமோட்டார் பகுதிகளில் இருந்தன. உட்பக்கத்திலுள்ள சிங்குலேட் பள்ளத்தின் மோட்டார் பகுதிகளும் இந்தக் கணக்கில் சேரும். எஃப் வரிசையை மட்டும் படிப்பவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பிரிவு எம்1-க்கு உள்ளேயே இருக்கிறது. 2009-இல் ராத்தெலோ, ஸ்ட்ரிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், குரங்கின் ஒரு தசையில் ரேபிஸ் வைரஸைச் செலுத்தினார்கள். அது தசையிலிருந்து, அந்தத் தசையை இயக்கும் தண்டுவட மோட்டார் நியூரானுக்கு ஏறி, அங்கிருந்து அதோடு நேராகத் தொடுப்பு வைத்திருக்கும் கார்டெக்ஸ் செல்லுக்குப் போய்ச் சேரும். அப்படி அகப்பட்ட செல்கள் எம்1 முழுக்கப் பரவியிருக்கவில்லை. பெரும்பாலும் பின்பாதியில், மையப் பள்ளத்தின் முன்சுவருக்குள் மறைந்திருக்கும் பகுதியில் குவிந்திருந்தன. முன்பாதியோ, தண்டுவடத்தில் இடையில் நின்று செய்தி கடத்தும் இடைநியூரான்கள் வழியாகவே தசையை அசைக்கிறது. முன்பாதியைப் பழைய எம்1 என்றும் பின்பாதியைப் புதிய எம்1 என்றும் அவர்கள் அழைத்தார்கள். மோட்டார் நியூரானை நேராகத் தொடும் இந்த வழி, உயர் பிரைமேட்டுகள் சிலவற்றிலும் மனிதரிலும் காணப்படுவது; விரல்களைத் தனித்தனியே நுட்பமாக அசைப்பதோடு சம்பந்தப்பட்டது. பிராட்மன் ஒரே எண் கொடுத்த ஓர் இடத்துக்குள் பரிணாமத்தின் இரண்டு கட்டங்கள் அருகருகே இருக்கின்றன என்று படித்த அன்று, பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். மனிதரில் 1996-இல் கெயர் குழுவினர் ஏரியா 4-ஐ 4ஏ, 4பி என்று முன்பின்னாகப் பிரித்தார்கள். ஆனால் அது செல் அமைப்பும், வேதிச் செய்திகளை வாங்கும் ஏற்பிகளும் காட்டிய பிரிவு. புதியது பழையது என்பதோடு அதை அப்படியே ஒட்டவைக்காதீர்கள்.

மின்தூண்டல் வரைபடங்களைப் பற்றி ஒன்றே ஒன்று: எந்த இடத்தைத் தூண்டினால் எந்த உறுப்பு அசையும் என்று காட்ட 1952-இல் வூல்சி எம்1 மேல் வரைந்த குரங்குருவம் அழகானது, ஆனால் தூண்டும் நேரம் மாறினால் கிடைக்கும் அசைவும் மாறும். 2002-இல் கிராசியானோ குழுவினர் அரை விநாடி தூண்டியபோது, வெறும் தசைத் துடிப்புக்குப் பதில் கை வாய்க்குப் போய் வாயும் திறந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேர்வுக்கு என்றால் ஏரியா 4, ஏரியா 6 எழுதி, 6-க்குள் மூன்று ஜோடிகளைக் காட்டுங்கள். மிரர் நியூரான் (தானே ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் செல்) போன்ற ஒற்றைச் செல் ஆய்வுகளைப் படிக்கிறீர்கள் என்றால் எஃப் பெயர்கள் இல்லாமல் முடியாது. 1992-இல் அவை முதலில் பதிவானது எஃப்5-இல்தான், அந்த எஃப்5-ஐயே இப்போது மூன்றாகப் பிரிக்கிறார்கள். பிஎம்டி என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டுரையில், மின்முனையை எஃப்2-இல் வைத்தார்களா எஃப்7-இல் வைத்தார்களா என்று படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு மேலே படியுங்கள்.