வழி புதிது என்பது குற்றமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாரந்தோறும் புதிய தியானக் கூட்டம் நடக்கிறது. என் அண்ணன் மகன் அதில் சேர்ந்த பிறகு குலதெய்வப் படையலுக்குக்கூட வருவதில்லை. புதிது புதிதாக முளைக்கும் இத்தகைய மார்க்கங்களை அரசு ஏன் தடை செய்யக் கூடாது?
— ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இந்தக் கேள்வி திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. சமணத்தை விட்டுச் சிவநெறிக்கு வந்ததற்காகக் கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், உங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையேறினார் என்கிறது சைவ மரபு. அந்த இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே இன்றும் பெயர்.

மஞ்சக்குப்பமும் உங்களுக்குப் பக்கம்தான். இராமலிங்க அடிகளாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற பூசல் முற்றி, 1869இல் ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு நடந்தது அங்கே. 1865இல் அடிகளார் தொடங்கிய சன்மார்க்க சங்கத்துக்கு அப்போது வயது நான்கு. சாதியும் சமயமும் பொய் என்று சொன்ன அந்தப் புதிய வழியை அன்று ஓர் அதிகாரி தடை செய்திருந்தால், 1867இல் வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்திருக்குமா? அண்மையில் அங்கே பந்தியில் அமர்ந்தேன். எனக்கு அடுத்து, துணிமூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி. பரிமாறியவர் அவரிடம் ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

புதியவை எல்லாம் நல்லவை என்று நான் சொல்லவில்லை. மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தரும் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகிய வரம்புகளையும் விதிக்கிறது. அரவிந்தரின் வழியில் 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில் நகரின் நிர்வாகத்தில் சிக்கல் எழுந்தபோது, மத்திய அரசு 1980இல் சட்டமியற்றி அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. அது மதச் சுதந்திரத்தில் தலையிடுகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அரவிந்தரின் போதனை தத்துவமே அன்றி மதம் அல்ல என்று 1982இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கூறியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தக் கருத்தில் மாறுபட்டார், ஆயினும் சட்டம் செல்லும் என்பதை ஏற்றார். எது மதம் என்பதில் நீதிபதிகளே ஒன்றுபடாதபோது, எந்த வழிபாடு இருக்கலாம் என்ற முடிவை ஓர் அலுவலகக் கோப்பிடம் ஒப்படைக்க நான் உடன்படமாட்டேன். அரசு கை வைக்க வேண்டியது கணக்கிலும் செயலிலும்தான், நம்பிக்கையில் அல்ல.

ஆகவே ஒரு நாள் நீங்களே அந்த மாடிக்கு ஏறிப் போய்ப் பாருங்கள். வாங்கும் பணத்துக்கு ரசீது தருகிறார்களா, சர்க்கரை நோய்க்காரரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா, விலகிப் போனவர்களை மிரட்டாமல் விடுகிறார்களா என்று விசாரியுங்கள். தவறு கண்டால், அந்தச் செயலைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். நானும் உங்கள் பக்கம் நிற்பேன். ஒன்றும் இல்லையென்றால், படையலுக்கு வருவதும் வராததும் வளர்ந்த பிள்ளையின் விருப்பம். அடுத்த முறையும் அவனை அழையுங்கள். வராவிட்டால் பொங்கலை ஒரு தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.