ஸ்கோப் வாங்கும் முன் திருப்பிக் கொடுத்த போர்டுகளை எண்ணுங்கள்

கேள்வி: சேலம் ஐந்து ரோடு அருகில் ஆறு வருடமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மல்டிமீட்டர், ஹாட் ஏர், பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் சாஃப்ட்வேர்) எழுதும் புரோகிராமர் இருக்கின்றன. ஆசிலோஸ்கோப் (வோல்டேஜ் நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்று திரையில் வரைந்து காட்டும் கருவி) இல்லாமல், போர்டிலுள்ள பாகங்களைத் தனித்தனியாகச் சோதித்து மாற்றும் சிப் லெவல் வேலையே பார்க்க முடியாது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 35 ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கினால் போட்ட பணம் வருமா?

பார்க்கவே முடியாது என்பதெல்லாம் மிகை. முதல் ஐந்து வருடம் நானும் ஸ்கோப் இல்லாமல்தான் குப்பை கொட்டினேன். உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்தியது வேறு: டிசி பவர் சப்ளையைக் காணோமே? 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை ஒன்று இல்லாமல் ஸ்கோப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 19 வோல்ட் கொடுத்து, சுவிட்சை அழுத்தும் முன்பும் பின்பும் ஆம்பியர் எப்படி ஏறுகிறது என்று பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். கொடுத்ததும் வோல்டேஜ் படுத்து, ஆம்பியர் எல்லைக்கு எகிறினால் மெயின் லைனில் ஷார்ட். அந்த லைனில் ஒரு வோல்ட் மட்டும் ஏற்றி, மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவுங்கள். எந்த கெப்பாசிட்டர் மேல் முதலில் காய்கிறதோ, பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. (பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலில் ஓம்ஸ் குறைவாகக் காட்டுவது இயல்பு. அதை ஷார்ட் என்று நினைத்து நல்ல போர்டைக் கெடுத்தவர்கள் உண்டு.)

என் கடை கோரிமேட்டுப் பக்கம் என்பதால் ஏற்காட்டிலிருந்து நிறைய லேப்டாப்கள் இறங்கி வரும். காபி எஸ்டேட் ஆபீஸ்களில் வருடக்கணக்கில் பனியையும் ஈரத்தையும் குடித்தவை. ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும், ஐசி கால்களில் பச்சை பூத்திருக்கும். இவற்றுக்கு ஸ்கோப் என்ன செய்யும்? நல்ல மைக்ரோஸ்கோப்பும் பொறுமையும் போதும்.

அப்புறம் ஸ்கோப் எதற்கு? எல்லா வோல்டேஜும் சரியாக இருந்தும் உயிர் வராத போர்டுகளுக்கு.

ஒன்றைச் சொல்கிறேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. ரேம் மாற்றினேன், பயாஸ் எழுதினேன், மசியவில்லை. டிடிஆர்4 ரேமுக்கு வேண்டிய 1.2 வோல்ட், மல்டிமீட்டரில் 1.19 என்று ஆடாமல் நின்றது. அந்த 1.2 வோல்ட் வரும் காயிலில் ஸ்கோப் புரோபை வைத்தேன். கோடு மாதிரி வர வேண்டியது ரம்பப் பல் மாதிரி வந்தது. ஒவ்வொரு பல்லிலும் 300 மில்லிவோல்ட் பள்ளம். சில பத்து மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. இவ்வளவு ஆடினால் ரேம் எப்படி வேலை செய்யும்? பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாற்றியதும் டிஸ்ப்ளே வந்தது. மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை, சராசரியைச் சொன்னது.

இன்னொரு வகை, சுவிட்சை அழுத்தியதும் ஒரு நொடிக்குள் அணைந்துவிடும் போர்டு. ஒரு லைன் ஐந்து மில்லிசெகண்ட் வந்து போனால், நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டும் எண்ணை மாற்றும் மல்டிமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஸ்கோப்பில் சிங்கிள் ட்ரிகர் வைத்து சுவிட்சை அழுத்தினால், எது முதலில் விழுந்தது என்று படம் உறைந்து நிற்கும். பயாஸ் சிப்பிலும் அப்படித்தான். முதல் காலிலும் ஆறாவது காலிலும், அதாவது சிப் செலக்டிலும் கிளாக்கிலும், துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துடிப்பே இல்லையென்றால், பயாஸைப் படிக்கும் கட்டத்துக்கே போர்டு வரவில்லை. நீங்கள் பத்து முறை பயாஸ் எழுதியும் பயனில்லை.

சரி, எது வாங்குவது? 100 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும் ஸ்கோப் போதும். போர்டிலுள்ள பவர் சர்க்யூட்கள் பெரும்பாலும் 300 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒரு மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஓடுகின்றன; கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 24 அல்லது 25 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர்4 3200 ரேமின் கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். அதைப் பார்க்கும் ஸ்கோப்பின் விலையில் வீட்டுமனையே வாங்கலாம், விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் நான்கு இடங்களைப் பார்க்க நான்கு சேனல் இருந்தால் சௌகரியம், இரண்டிலும் காலம் தள்ளலாம். காலேஜ் லேபில் கழித்துக்கட்டிய பழைய சிஆர்ஓ (பிக்சர் டியூப் வைத்த அந்தக் கால ஸ்கோப்) மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் அலைக்கு அது நல்ல கருவிதான். ஒரு முறை வந்து மறைவதை அது பிடித்து வைக்காது, உங்களுக்கு வேண்டியதோ அதுதான்.

புரோபிலுள்ள சுவிட்சை 10எக்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து எடுக்கும் நிலை) வைத்தே பழகுங்கள். 1எக்ஸில் கிரிஸ்டலைத் தொட்டால் புரோபின் கெப்பாசிட்டன்ஸ் தாங்காமல் அது நின்றுவிடலாம். கடிகாரத்தை ஓட்டும் 32.768 கிலோஹெர்ட்ஸ் ஆர்டிசி கிரிஸ்டல் 10எக்ஸிலும் சில சமயம் மக்கர் செய்யும். தொட்டதும் நின்றால் கிரிஸ்டல் போச்சு என்று அர்த்தமில்லை. ரிப்பிள், அதாவது முன்பு சொன்ன ரம்பப் பல் ஆட்டம், பார்க்கும்போது மட்டும் நீளமான கிரவுண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, புரோபோடு வரும் குட்டி ஸ்பிரிங்கை மாட்டுங்கள். நீள ஒயர் ஆன்டெனா மாதிரி இரைச்சலை இழுத்துவிடும்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப், பிளக்கின் எர்த்தோடு நேரடியாக இணைந்தது. சார்ஜர், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) இவற்றின் பிரைமரி பக்கம், அதாவது கரண்ட் உள்ளே நுழையும் பக்கம், 230 வோல்ட்டை நேராக்கி 325 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும் இடம். அங்குள்ள மைனஸ், எர்த் அல்ல. நான் ஒரு நாள் அவசரத்தில் அங்கே கிளிப்பை மாட்டினேன். டப் என்றது, எம்சிபி விழுந்தது. கிளிப்பின் முதலைவாயில் ஒரு பக்கம் ஆவியாகியிருந்தது. புரோப் போனது, நான் தப்பித்தேன். ‘எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஆயிற்று’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு ஸ்கோப்பின் உடம்பே ஷாக் அடிக்கும். பிரைமரி பக்கம் கை வைப்பதாக இருந்தால் பழுது பார்க்கும் பொருளை, கரண்ட் லைனோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள். கடை பழைய கட்டடமாக இருந்தால், பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி பணக் கணக்கு. கடந்த மூன்று மாதத்தில் ‘ஆகாது’ என்று திருப்பிக் கொடுத்த போர்டுகளை நோட்டில் எழுதுங்கள். ஷார்ட், தண்ணீர், பிராசசர் போனது, ஸ்கீமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்) கிடைக்காதது எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். வோல்டேஜ் எல்லாம் இருந்தும் கிளம்பாத போர்டு எத்தனை மிஞ்சுகிறது? ஒரு போர்டுக்கு 2,500 ரூபாய் வாங்குவதாக வைத்தால், 14 போர்டு தேறினால் ஸ்கோப்பின் விலை வந்துவிடும். மாதம் இரண்டாவது மிஞ்சினால் தாராளமாக வாங்குங்கள். மூன்று மாதத்துக்கே ஒன்றுதான் என்றால் அந்தப் பணத்தில் பெஞ்ச் சப்ளையும் மைக்ரோஸ்கோப்பும் வாங்குங்கள், கையில் மீதியும் நிற்கும்.

வாங்கினால், கெட்ட போர்டில் ஆரம்பிக்காதீர்கள். சர்வீஸ் முடிந்து டெலிவரிக்குக் காத்திருக்கும் நல்ல போர்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு காயிலிலும் பயாஸ் கால்களிலும் வரும் அலையைப் போனில் படம் பிடித்து, மாடல் நம்பரைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். அடுத்த முறை அதே மாடல் செத்துப் போய் வரும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட உங்களிடம் படம் இருக்கும்.